பிரசவ ஃபைலில் இருக்கும் வார்த்தைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபி சுற்றுவட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலையை விட்டாலும் ஃபைலோடு வருகிறவர்கள் விடவில்லை. ஸ்கேன் எடுத்துவிட்டு பஸ் இறங்கி நேரே எங்கள் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள்: "டாக்டரம்மா வெசயாச் சொல்லிட்டுப் போயிட்டாங்க, என்னன்னு பாருங்க சிஸ்டர்." கேட்பது ஏறக்குறைய அதே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்கள் வாய்ப்படியே கீழே எழுதியிருக்கிறேன்.

நான் பார்த்தவரை, சும்மா கிடக்கிற வார்த்தைக்கு அழுதுவிட்டு, ஓட வேண்டிய வார்த்தையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறவர்கள் அதிகம். அதனால் அர்த்தத்தோடு எதற்கு எவ்வளவு பயப்படலாம் என்பதையும் சேர்த்திருக்கிறேன். உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியது உங்கள் டாக்டர்தான்.

"கடைசியாத் தூரமான தேதி கேக்கறாங்க. ஒதுங்குன நாளைச் சொல்றதுங்களா, தலைக்கு ஊத்துன நாளைச் சொல்றதுங்களா?"

உதிரம் பட்ட முதல் நாளைச் சொல்லுங்கள். ஃபைலில் எல்.எம்.பி. என்று இருப்பது அதுதான். நம் பாட்டிமார் தலைக்கு ஊற்றிய நாளை வைத்தே கணக்குப் பண்ணிப் பழகியவர்கள். 'முழுகாம இருக்கிறா' என்ற பேச்சும் அந்தக் குளியலைச் சொல்வதுதான். அந்த நாளைச் சொன்னால் கணக்கு மூன்று, நான்கு நாள் தள்ளிப்போகும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கிற ஸ்கேன் அதைச் சரி பண்ணிவிடும்.

தேதி ஞாபகம் இல்லை என்றால் வாய்க்கு வந்த தேதியைச் சொல்ல வேண்டாம். "மாரியம்மன் நோம்பி முடிஞ்ச வாரம்" என்று சொன்னாலே போதும், காலண்டரைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

"எம் பையன் லாரியில வடக்க போயிட்டு வந்து மூணு வாரந்தான் ஆச்சு. அஞ்சு வாரக் கருன்னு எழுதியிருக்காங்களே, அதெப்படிங்க?"

கேட்டவர் மாமியார். மருமகள் வாசல்படியில் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தாள். சங்ககிரி, நாமக்கல் பக்கம் பெண் கொடுத்தவர்களுக்குத் தெரியும், லாரி கிளம்பினால் திரும்பி வர இருபது நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும்.

கணக்கில் ஒரு தப்பும் இல்லை. கரு தரித்த நாளைத் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் மருத்துவத்தில் வாரத்தை எல்.எம்.பி.யிலிருந்தே எண்ணுகிறார்கள். 28 நாளுக்கு ஒருமுறை தூரமாகிறவளுக்குக் கரு உண்டாவது ஏறத்தாழ 14-ஆம் நாள். ஆக, ஃபைலில் உள்ள வாரங்களில் முதல் இரண்டு வாரம் கருவே இல்லாத வாரம். ஐந்து வாரம் என்றால் கருவின் உண்மையான வயது மூன்று வாரம். பையன் லாரியை விட்டு இறங்கிய தேதியோடு சரியாகப் பொருந்துகிறது.

இதை நான் மாமியாரிடம் இரண்டு தடவை விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். இந்த இரண்டு வாரக் கணக்கை முதல் நாளே யாராவது வாய் திறந்து சொல்லியிருந்தால் அந்தப் பெண் ஒரு ராத்திரி முழுக்க அழுதிருக்க வேண்டாம்.

"பெத்துக்கறது ஒம்போது மாசத்துலயா, பத்து மாசத்துலயா? குடுத்த தேதி தாண்டிப் போச்சுன்னா என்ன பண்றது?"

இ.டி.டி. என்று எழுதியிருப்பது பிரசவத்துக்கு எதிர்பார்க்கும் தேதி. எல்.எம்.பி.யிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் வந்துவிடும்: ஜனவரி 1 என்றால் அக்டோபர் 8. காலண்டர் மாதத்தில் அது ஒன்பது மாதச் சொச்சம். 28 நாளை ஒரு மாதமாக வைத்தால் பத்து மாதம். இரண்டு பேச்சும் சரிதான்.

அந்தத் தேதியிலேயே பிறக்கிற குழந்தை நூற்றுக்கு நாலைந்துதான். 37 வாரம் முடியுமுன் பிறந்தால் குறைமாதம். 41 வாரத்தைத் தொட்டால் டாக்டர் மருந்து கொடுத்து வலி வரவழைப்பதைப் பற்றிப் பேசுவார். 'ஏழுல பொறந்தா தங்கும், எட்டுல பொறந்தா தங்காது' என்பதை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே இருக்கிற ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு லாபம்.

"ஜி3 பி1 எல்1 ஏ1ன்னு வண்டி நம்பராட்ட எழுதியிருக்குதே, என்னதுங்க அது?"

உங்கள் வரலாறு நான்கு எழுத்தில். ஜி என்பது இப்போதையதையும் சேர்த்து எத்தனை முறை கர்ப்பம் என்பது. பி, பிரசவம் வரை போனவை. எல், உயிரோடு இருக்கும் குழந்தைகள். ஏ, பாதியில் கலைந்தவை. ஆக இது மூன்றாவது கர்ப்பம், ஒரு பிரசவம், ஒரு குழந்தை இருக்கிறது, ஒன்று கலைந்துவிட்டது. முதல் பிரசவத்தில் இரட்டைக் குழந்தை என்றால் பி1 எல்2 என்று வரும். 'ப்ரைமி' என்றால் தலைச்சன் கர்ப்பம்.

இந்த எழுத்துகளில் ஒளிவுமறைவு கூடாது. வீட்டாருக்குத் தெரியாமல் ஏதாவது நடந்திருந்தால் நர்சைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அத்தையை வெளியே உட்காரச் சொல்வதற்கு எங்களுக்கு ஆயிரம் சாக்கு தெரியும்.

"தானாக் கலைஞ்சதுக்கு அபார்சன்னு எழுதிட்டாங்க. நான் என்ன வேணும்னா கலைச்சேன்?"

இந்த வார்த்தையை மாற்றியிருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றும். மருத்துவ ஏட்டில் தானாகக் கலைந்தாலும் நாமாகக் கலைத்தாலும் ஒரே சொல்தான். மேலே சொன்ன ஏ1 அப்படி வந்தது. உங்கள் மேல் பழி ஒன்றும் எழுதப்படவில்லை.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு சொல் உண்டு. 'த்ரெட்டன்ட் அபார்ஷன்' என்றால் ரத்தம் பட்டிருக்கிறது, ஆனால் கரு இன்னும் நன்றாக இருக்கிறது. பலருக்கு அப்படியே நின்று பிள்ளை பிறந்துவிடும். 'மிஸ்டு அபார்ஷன்' என்றால் கருவின் துடிப்பு நின்றுவிட்டது, ஆனால் உடம்பு இன்னும் வெளியேற்றவில்லை. ஆரம்ப மாதங்களில் இப்படி ஆவதற்குப் பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறுதான் காரணம். பப்பாளித் துண்டோ, மொபெட்டில் போனதோ, பனியன் கம்பெனியில் நின்று வேலை செய்ததோ இல்லை.

"ரத்தம் ஒம்போதுதான் இருக்குதாம். எத்தனை பாட்டில் ஏத்தோணும்?"

ஒன்பது என்பது ஹீமோகுளோபின் அளவு. ரத்தமே குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். 7-க்குக் கீழே போனால் கடுமையான சோகை. ஒன்பதுக்கு இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகப் போட்டாலே ஏறும். டீ, காபியோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள், சத்து உடம்பில் ஒட்டாது. மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையின் நிறம்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இரும்புச்சத்தை டிரிப்பில் ஏற்றுவார்கள். அது கருஞ்சிவப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டு 'அவளுக்கு ரத்தம் ஏத்தறாங்க' என்று ஒறம்பரை எல்லாம் ஆப்பிள் பையோடு வந்துவிடுவார்கள்.

"சுகர் டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல வராம ரெண்டு இட்லி தின்னுட்டு வந்துட்டேன். வீணாப் போச்சுங்களா?"

அரசு நிலையத்தில் என்றால் வீணாகவில்லை. அங்கே 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. சாப்பிட்டிருந்தாலும் இதைச் செய்யலாம். சென்னையின் சர்க்கரை நோய் மருத்துவர் வி. சேஷையா இந்த முறைக்காக நின்றவர். இரண்டு பஸ் மாறி வரும் பெண்ணை 'நாளைக்கு வெறும் வயித்துல வா' என்று திருப்பி அனுப்பினால் அவள் வரவே மாட்டாள் என்பது எங்களுக்கும் தெரிந்த விசயம்தான்.

குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள், இன்னொரு நாள் செய்வார்கள். சில தனியார் மருத்துவமனைகளில் வெறும் வயிற்றில் ஆரம்பித்து மூன்று தடவை எடுப்பார்கள். அந்த முறைக்கு எல்லை அளவுகள் வேறு, இந்த 140-ஐ அதோடு ஒப்பிடக் கூடாது.

"ஸ்கேன் ஸ்கேன்னு எத்தனை தடவை? பணம் புடுங்கறாங்களா?"

ஒவ்வொன்றும் வேறு வேலைக்கு. முதல் ஸ்கேன் கரு கருப்பையில்தான் இருக்கிறதா, வாரம் சரியா என்று பார்க்க. 11 முதல் 13 வாரம் முடிவதற்குள் என்.டி. ஸ்கேன், கழுத்துப் பின்புறத் திரவத்தை அளப்பது. 18 முதல் 20 வாரத்தில் அனாமலி ஸ்கேன், சிலர் டிஃபா என்பார்கள். இதயம், முதுகுத்தண்டு, சிறுநீரகம் என்று உறுப்பு உறுப்பாகப் பார்ப்பது இதில்தான். கையில் காசு குறைவு, ஒன்றுதான் முடியும் என்றால் இதைத் தவற விடாதீர்கள் என்பேன். அப்புறம் வளர்ச்சி பார்க்கும் ஸ்கேன். 'டாப்ளர்' என்றால் தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் பார்ப்பது.

"ரிப்போர்ட்டுல எஃப்.எல்.னு போட்டிருக்குது. எஃப்.னா பொம்பளப் புள்ளைங்களா?"

இல்லை. எஃப்.எல். என்பது தொடை எலும்பின் நீளம், ஆண் குழந்தைக்கும் அதே எஃப்.எல்.தான். பி.பி.டி. தலையின் குறுக்களவு, ஏ.சி. வயிற்றுச் சுற்றளவு, எஃப்.எச்.ஆர். இதயத் துடிப்பு. துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கும். வேகமாகத் துடித்தால் பெண் என்பதும் கதை, நஞ்சு (பிளசென்டா) வலது பக்கம் இருந்தால் ஆண் என்பதும் கதை. பாலினத்தைச் சொல்வதும் கேட்பதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எழுத்திலோ இனிப்பு பெயரிலோ குறிப்பாகக் காட்டினாலும் குற்றம்தான்.

நம் பக்கத்துக்கு இந்த விசயத்தில் நல்ல பெயர் கிடையாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-இல் சேலத்தில் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. ஆகையால் 'சும்மா ஆசைக்குத்தான் கேக்கறோம்' என்று சொன்னாலும் இதற்கு மட்டும் நான் உட்கார வைத்துப் பேசுவதில்லை.

"நஞ்சுக்கொடி கீழ இருக்குதாம். கழுத்துல சுத்திக்குமா?"

இரண்டு பொருள் ஒன்றாகக் குழம்பிவிட்டது. நஞ்சு என்பது கருப்பைச் சுவரில் அப்பமாட்ட ஒட்டியிருப்பது, டாக்டர் பாஷையில் பிளசென்டா. அதிலிருந்து குழந்தையின் வயிற்றுக்குப் போகும் கயிறு தொப்புள்கொடி. நஞ்சு கீழே இருக்கிறது என்றால் அது கருப்பை வாய்க்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. கழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முன்பக்கம், பின்பக்கம் என்று எழுதியிருந்தால் அது வெறும் இடக்குறிப்பு.

அனாமலி ஸ்கேனில் 'லோ லையிங்' என்று வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் பிரசவத்துக்குள் நஞ்சு மேலே போய்விடும். நஞ்சு நடந்து போவதில்லை, கருப்பையின் கீழ்ப்பகுதி வளர்ந்து விரிவதால் விலகுகிறது. கடைசி வரை வாயை மூடியே இருந்தால் அதுதான் 'ப்ரீவியா', ஆபரேஷன்தான் வழி. நடுவில் வலியே இல்லாமல் ரத்தம் பட்டால் 'வலிக்கலையே, காலையில பாக்கலாம்' என்று படுக்காதீர்கள். இந்த நோய்க்கு வலி இல்லாததுதான் அடையாளம்.

"தண்ணி கம்மின்னாங்க. தண்ணி குடிச்சா ஏறுமுங்களா?"

ஏ.எஃப்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள். பனிக்குட நீரை நான்கு இடத்தில் சென்டிமீட்டரில் அளந்து கூட்டியது. 5-க்குக் கீழே குறைவு, 25-க்கு மேலே அதிகம். நன்றாகத் தண்ணீர் குடித்தால் கொஞ்சம் ஏறலாம். ஆனால் பின்னால் இருப்பது நஞ்சின் ரத்த ஓட்டக் குறையா, நீர்க் கசிவா என்று பார்க்க வேண்டும், அதற்கு இளநீர் மட்டும் பதிலில்லை.

"கொடி மாலையாட்டச் சுத்தியிருக்குதாம். தாய்மாமனுக்கு ஆகாதுங்களே?"

மாமன் பாவம், இந்த விசயத்தில் எதுவும் அறியாதவர். நாலில் ஒரு குழந்தை கழுத்தில் கொடி சுற்றியபடிதான் பிறக்கிறது. மாமனுக்கு ஆகாது என்றால் கொங்கு நாட்டில் காதுகுத்துக்கு மடியில் உட்கார வைக்க ஆளே மிஞ்சியிருக்காது.

கழுத்து நெரிபடும் என்ற பயமும் வேண்டாம். வயிற்றுக்குள் குழந்தை மூக்கால் மூச்சு விடுவதில்லை, பிராணவாயு வருவதே அந்தக் கொடி வழியாக, தாயின் ரத்தத்திலிருந்துதான். கொடியைச் சுற்றி வழுவழுப்பான கூழ் இருப்பதால் சுலபத்தில் நசுங்காது. தலை வெளியே வந்ததும் டாக்டர் அதை மாலையைக் கழற்றுவது போலக் கழற்றிவிடுவார். இதற்காக மட்டும் ஆபரேஷன் தேவையில்லை.

"நான்-ஸ்ட்ரெஸ் டெஸ்ட் எழுதியிருக்காங்க. எனக்கு டென்சன் ஒண்ணுமில்லீங்களே?"

உங்கள் மனசைப் பார்க்கும் டெஸ்ட் இல்லை. வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தை அசையும்போது துடிப்பு ஏறுகிறதா என்று பார்ப்பது. வலி என்ற அழுத்தம் கொடுக்காமல் பார்ப்பதால் அந்தப் பெயர்.

"யூரின்ல உப்பு போகுதாம். உப்பில்லாமத்தான் சாப்பிடறேன், இன்னும் ஏன் போகுது?"

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். உப்பு என்று வாய்ப்பேச்சாகச் சொல்வது உண்மையில் ஆல்புமின் என்ற புரதம். சமையல் உப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, உப்பில்லாத கஞ்சி குடித்து அதை நிறுத்த முடியாது. 20 வாரத்துக்குப் பிறகு பி.பி. 140/90-ஐத் தொட்டு, கூடவே ஆல்புமினும் போனால் அதற்குப் பெயர் ப்ரீ-எக்லாம்ப்சியா. முற்றினால் வலிப்பு வரும், அது எக்லாம்ப்சியா. நம் ஊரில் ஜன்னி என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போன காலம் உண்டு. அதற்கு மருந்து மெக்னீசியம் சல்பேட் ஊசி.

பொழுதோட கால் மட்டும் வீங்கிக் காலையில் வடிந்தால் பெரும்பாலும் கர்ப்பத்தின் இயல்பு. முகமும் கைவிரலும் வீங்கி மோதிரம் கழலவில்லை, மாத்திரைக்கும் அடங்காத தலைவலி, கண்ணில் மின்னுவது, மேல்வயிற்றில் வலி, இவற்றில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பிரசவம் ஆகிப் பச்சை உடம்போடு இருக்கும் நாட்களிலும் இது வரும். அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

"பொண்ணுக்கு நெகட்டிவ் ரத்தம். எங்கண்ணன் பையனுக்கே கட்டிக் குடுத்ததாலதான் இப்படின்னு சொல்றாங்க, நெசமுங்களா?"

இரண்டையும் பிரித்துவிடுவோம். ரத்தம் நெகட்டிவ் என்பது பிறவியிலேயே வந்த வகை, கல்யாணத்தால் வருவதில்லை. தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் குழந்தையின் ரத்தம் தாயின் உடம்பில் கலந்து, அடுத்த குழந்தையின் ரத்தத்தைத் தாக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கலாம். தலைச்சனுக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. தடுக்கத்தான் ஆன்டி-டி ஊசி: 28-ஆம் வாரத்தில் ஒன்று, குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் ஒன்று. கரு கலைந்தாலும் ஊசி தேவையா என்று கேளுங்கள். மாப்பிள்ளையும் நெகட்டிவ் என்றால் இந்தக் கவலையே இல்லை.

அடுத்தது முறைப் பையன் விசயம். ஃபைலில் 'கன்சாங்' என்றும் 'தேர்ட் டிகிரி' என்றும் எழுதியிருப்பது அதைத்தான். மூன்றாம் நிலை என்றால் அத்தை, மாமன் பிள்ளைகள். தாய்மாமனையே கட்டியிருந்தால் இரண்டாம் நிலை. தீக்காயக் கணக்கோ குற்றக் கணக்கோ இல்லை. யாருக்கும் நூற்றுக்கு இரண்டு, மூன்று குழந்தைகளுக்குப் பிறவிக் குறை வருவதுண்டு. மூன்றாம் நிலையில் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகலாம். அப்போதும் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன. அனாமலி ஸ்கேனை இன்னும் கவனமாகப் பார்க்கட்டும் என்றுதான் அதை எழுதி வைப்பது.

"ரெண்டு விரல் தொறந்திருக்குன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போகச் சொல்றாங்களே, இது நாயமா?"

நியாயம்தான். கருப்பை வாய் முழுக்கத் திறப்பது 10 சென்டிமீட்டர். இரண்டு விரல் என்பது ஏறத்தாழ மூன்று. நாலைந்து சென்டிமீட்டருக்குப் பிறகுதான் வேகம் பிடிக்கும். தலைச்சனுக்கு அதுவரை ஒரு நாள்கூட ஆகலாம். விட்டு விட்டு வந்து, கொஞ்சம் நடந்தாலோ படுத்தாலோ அடங்குவது சூட்டு வலி. அம்மாயி சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தால் குடிக்கலாம், விளக்கெண்ணெய் வேண்டாம். இடுப்பிலிருந்து முன்னால் சுற்றிக்கொண்டு வந்து, இடைவெளி நெருங்க நெருங்க வலுத்தால் அது நிஜ வலி.

வலி இல்லாவிட்டாலும் பனிக்குடம் உடைந்தால் கிளம்பிவிடுங்கள். நீர் பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம், நிறத்தை மறக்காமல் சொல்லுங்கள். வீடு தூரம், மலைப்பாதை, ராத்திரி பஸ் இல்லை என்றால் வெட்கப்படாமல் அதைச் சொல்லி அங்கேயே இருந்துகொள்ளுங்கள்.

"சி.பி.டி.ன்னு போட்டு முதல்ல ஆபரேசன் பண்ணுனாங்க. ரெண்டாவதும் கத்திதானுங்களா?"

சி.பி.டி. என்றால் குழந்தையின் தலைக்கும் உங்கள் இடுப்பெலும்பு வழிக்கும் அளவு ஒத்துவரவில்லை. உங்கள் உடம்பில் குறை என்று ஆயுளுக்கும் எழுதிய தீர்ப்பு இல்லை. அந்தத் தலை, அந்தக் கோணம், அந்த நாள். அடுத்த குழந்தை சின்னதாகவோ சரியான கோணத்திலோ வரலாம். எல்.எஸ்.சி.எஸ். என்பது கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் ஆபரேஷன். இந்தத் தையல் உள்ளவர்களில் தகுந்தவர்கள் சுகப்பிரசவத்துக்கு முயன்றால் நாலில் மூன்று பேருக்கு அது நடக்கிறது. 'வி-பேக்' என்று டாக்டர் சொல்வது இதுதான்.

ஆனால் இருநூறில் ஒருவருக்குப் பழைய தையல் வலியின்போது விட்டுப்போகலாம். அதனால் ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் தயாராக உள்ள இடத்தில் மட்டுமே முயல வேண்டும். இரண்டு பிரசவத்துக்கும் நடுவில் ஒன்றரை வருசத்துக்குமேல் இடைவெளி இருப்பது நல்லது. மேல்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால் அந்தப் பேச்சே கூடாது. வயிற்றுத் தோலில் உள்ள தழும்பைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, தோலில் குறுக்கே இருந்தாலும் உள்ளே நெடுக்கே இருக்கலாம்.

"அப்கார் எட்டுன்னு போட்டிருக்குது. ரெண்டு மார்க் எங்க போச்சு?"

கை கால் நீலமாக இருந்ததில் ஒன்று போயிருக்கும். துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், சீண்டினால் அழுகை, நிறம், ஐந்துக்கும் இரண்டிரண்டு மார்க். வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்க டாக்டரம்மா 1952-இல் உண்டாக்கியது. பிறந்த முதல் நிமிடமும் ஐந்தாவது நிமிடமும் போடுவார்கள். ஏழும் அதற்கு மேலும் நல்ல மார்க். பத்துக்குப் பத்து அபூர்வம். பிள்ளையின் படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதையும் ஒரு அப்பாரு கேட்டிருக்கிறார்.

"டிஸ்சார்ஜ் சீட்டை எத்தனை நாளைக்கு வெச்சிருக்கோணும்?"

அடுத்த பிரசவம் முடியும் வரைக்கும், அதற்குப் பிறகும். உள்ளே வெட்டு எந்தப் பக்கம், ஆன்டி-டி போட்டார்களா, எவ்வளவு ரத்தம் போனது என்பதெல்லாம் அந்த ஒரு தாளில்தான் இருக்கும். பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்கிற பிக்மி எண்ணையும் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு பண்ணும்போது கிடைப்பது) அதன் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஃபோனில் படம் எடுத்து அம்மா வீட்டுக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள். இரண்டு வருசம் கழித்து அந்தத் தாளைத் தேடும்போது, பாப்பா அதில் கிரையான் கிறுக்கியிருப்பாள்.